சரிங்க என்று மட்டும் சொன்ன குரல்

இண்டூர்
22 ஆகஸ்ட் 2025

அருள்குமாருக்கு,

நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. நீ நலமாகத்தான் இருப்பாய். பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு என் பேரில் ஊரெல்லாம் பேசுகிறவனுக்கு என்ன குறை இருக்கப்போகிறது.

நேற்று நம் மையத்தில் இளம் பட்டுப்புழு கொடுக்கிற நாள். விடிந்ததும் உன் அண்ணன் கேட்டைத் திறந்தால் வாசலில் இருந்து மெயின் ரோடு வரைக்கும் வண்டி நிற்கிறது. மொபெட், ஆட்டோ, பாப்பாரப்பட்டியில் இருந்து ஒரு மினி லாரி. மே மாசமே நான் இந்தத் தொகுதிக்குப் புழு ஒதுக்கியிருந்தது பன்னிரண்டு பேருக்கு. வந்து நின்றவர்கள் நாற்பதுக்கு மேல். எல்லோர் கையிலும் தட்டு, ஈரத்துணி.

"என்னங்க இது, இத்தினி பேரு வந்துட்டீங்க?" என்று உன் அண்ணன் கேட்டார். சென்றாயன் முன்னால் வந்து தன் போனை நீட்டினார். "நீங்க கேக்கறது நல்லாருக்குதுங்க தர்மா. உங்க வூட்டம்மா தானுங்களே வெட்டச் சொன்னாங்க?"

அந்தப் போனில் என் குரல் பேசியது. "வணக்கங்க, நான் வெண்மதி பேசறேன். இந்த வாரமே தோட்டத்த வெட்டிடுங்க. ஆவணி மொத வாரம் புழு தந்தர்றேன்." என் குரல்தான். என் இழுப்புதான். நான் மூச்சு வாங்குகிற இடம்கூட மாறவில்லை. ஜூன் மாதம் தைராய்டு கட்டியை எடுத்ததில் இருந்து என் தொண்டையில் காற்றைத் தவிர ஒன்றும் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றவனே நீதான்.

மல்பெரியை வெட்டிவிட்டால் ஒன்றரை மாதத்தில் இலை பக்குவத்துக்கு வந்துவிடும். அந்த வாரம் புழு வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் இலை முற்றி, அந்தப் போகமே போய்விடும். அதனால்தான் எல்லோரையும் மூன்று தொகுதியாகப் பிரித்து, யார் எந்த வாரம் வெட்டுவது என்று ஒவ்வொருவரிடமும் நானே பேசுவேன். நான் சொல்லாமல் இந்தப் பக்கத்தில் ஒருவரும் தோட்டத்தில் கத்தி வைப்பதில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதவன் மாதிரி நடந்துகொண்டதால் எழுத வேண்டியிருக்கிறது.

அது நான் பேசியது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கையை ஆட்டினேன். புழு கிடையாது, போங்கள் என்று நான் விரட்டுவதாக நினைத்துக்கொண்டு சின்னம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

உன் அண்ணன் கூப்பிட்டுக் கேட்டபின், சாயங்காலம் போனில் உன்னிடமிருந்து "மன்னிச்சிடுங்க அண்ணி" என்று வந்தது. அதை எழுதியது நீயா, உன் கருவியா? எனக்கு எப்படித் தெரியும்? போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டேன். இனி நமக்குள் பேச்சு இருந்தால் அது பேப்பரில், உன் கையெழுத்தில் வரட்டும். உன் கிறுக்கலை எந்தக் கருவியாலும் எழுத முடியாது. யார் யாரிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று ஒன்று விடாமல் எழுது.

வெண்மதி

*

பெங்களூரு
28 ஆகஸ்ட் 2025

அண்ணிக்கு,

நான் கடைசியாகப் பேனா பிடித்தது காலேஜ் பரீட்சையில். கை வலிக்கிறது. இருந்தாலும் நீங்கள் கேட்ட மாதிரியே எழுதுகிறேன்.

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். "போன என்கிட்ட குடுங்க அண்ணி, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று ஆஸ்பத்திரியில் நான் கேட்டேன். நீங்கள்தான் கொடுத்தீர்கள், அட்டையில் எழுதியும் காட்டினீர்கள். அந்த வாரம் வந்த அழைப்புகளுக்கு அளவே இல்லை. அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்று நாலு பேரிடம் சொன்னேன், அவ்வளவுதான். பாலக்கோடு ரோட்டில் புதுசாக மையம் திறந்திருக்கிற அறிவழகனின் ஆட்கள் மறுநாளே கிளம்பிவிட்டார்கள். "வெண்மதிக்கு இனிமே பேச்சே வராதாம், சென்டர மூடப் போறாங்களாம்" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். அண்ணனுக்கு இது தெரியும். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும்தான் முடிவு செய்தோம்.

என் கம்பெனி செய்கிற வேலையே இதுதான் அண்ணி. தொழில் செய்கிற யாருக்கும் பழக்கமான ஆட்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அத்தனை பேரிடமும் விடாமல் பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. எங்கள் கருவி அவர் பேசுகிற மாதிரியே அவர்களுக்குச் செய்தி அனுப்பும், பதில் வந்தால் பதிலும் சொல்லும். இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் வைத்திருக்கிறார்கள், வீட்டுமனை விற்கிறவர்கள் வைத்திருக்கிறார்கள். யாரும் செத்துப்போகவில்லை. உங்கள் ஆட்களில் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள், அதனால் நீங்கள் முன்பு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களில் இருந்து குரலை எடுத்து அதற்குப் பழக்கினேன். எல்லாம் என் கம்ப்யூட்டரில் இருந்து போனது, அதனால்தான் உங்கள் போனில் ஒன்றும் தெரியவில்லை.

தொகுதி பிரிக்கிற விஷயம் என் மண்டையில் ஏறவில்லை. போன வருஷம் நீங்கள் அனுப்பிய ஒரு மெசேஜை மாதிரியாகக் கொடுத்தேன். அது அதையே எல்லோருக்கும் சொல்லிவிட்டது. தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இத்தனைக்கும் நடுவில் ஒரு ஆள்கூட அறிவழகனிடம் போகவில்லை. நாற்பது பேரும் உங்கள் கேட்டில்தான் வந்து நின்றார்கள். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

அருள்

*

இண்டூர்
3 செப்டம்பர் 2025

அருள்குமாருக்கு,

அட்டையில் எழுதிக் காட்டினேன் என்று எழுதியவன், என்ன எழுதிக் காட்டினேன் என்பதையும் எழுதியிருக்கலாம். "எனக்குப் பேச வராது. கேக்கறவங்ககிட்ட அதச் சொல்லிடு" என்று எழுதினேன். நீ செய்தது அதற்கு நேர் எதிர். எனக்குக் குரல் இல்லை என்பதை மறைக்க எனக்கு ஒரு குரல் செய்திருக்கிறாய். உன் அண்ணனுக்கும் இதில் பங்கு உண்டு என்று போகிற போக்கில் சொல்லிவிட்டாய். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். பேசுவதற்குக் குரல் தேவையில்லை என்று இந்த இரண்டு நாளில் அவருக்குப் புரிந்திருக்கும்.

சென்றாயனின் மகள் பாரதி நேற்று வந்து உட்கார்ந்து, அவர்கள் தெருவில் வந்த மெசேஜ்களை எல்லாம் வாங்கி எனக்குப் போட்டுக் காட்டினாள். ஒருவர் கேட்கிறார், "பக்கத்துக் கொல்லையில தக்காளிக்கி மருந்து அடிக்கறாங்க, இருந்தாலும் வெட்டட்டுங்களா?" என் குரல் சொல்கிறது, "சரிங்க, வெட்டிடுங்க." இன்னொருவர், "பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறேன், ஆளு கம்மி, இருந்தாலும் எடுத்துக்கறேனுங்க" என்கிறார். "சரிங்க, எடுத்துக்கங்க." உன் கருவிக்குத் தெரிந்த ஒரே வார்த்தை சரிங்க. வந்தவர் போய்விடக் கூடாது என்று மட்டும்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

நான் பதினைந்து வருஷமாகப் போனில் பேசியது புழு விற்பதற்கு என்று நினைத்துக்கொண்டாயா? பாதி நேரம் வேண்டாம் என்று சொல்லத்தான் பேசினேன். மருந்து காற்றில் வந்து படிந்த இலையைத் தின்றால் புழு சாகும், அதனால் வேண்டாம். கொட்டகையை மருந்தடித்துக் கழுவவில்லையா, வேண்டாம். ஒரு தடவை அப்படிச் சொன்னதற்கு சென்றாயன் என்னோடு சண்டை போட்டு இரண்டு மாசம் பேசவில்லை. அப்புறம் அவரே வந்தார். அவர்கள் என்னிடம் வருவதற்குக் காரணமே அந்த வேண்டாம்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பென்னாகரம் பக்கம் குள்ளம்மாள் என்று ஒரு அக்கா. புருஷன் விட்டுவிட்டுப் போனபின் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து ஒற்றை ஆளாகப் புழு வளர்க்கிறவர். அன்றைக்கு வெறும் தட்டோடு திரும்பிப் போனவர்களில் அவரும் ஒருவர். மறுநாள் அவர் என் நம்பருக்குப் பேசி அனுப்பியிருக்கிறார், அதையும் பாரதிதான் வாங்கிவந்து போட்டுக் காட்டினாள். "எலையெல்லாம் முத்துதுங்க வெண்மதி. கர்நாடகாவுல இருந்து ஒரு ஆளு வேன்ல புழு கொண்டாந்து விக்கறான். வாங்கிக்கட்டுங்களா?" என் போன் பீரோவில் கிடக்கிறது. உன் கருவி பதில் சொல்லியிருக்கிறது. "சரிங்க அக்கா, வாங்கிக்கங்க."

நான் உனக்கு முதல் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அதே நாளில் இது நடந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டவன் அதை நிறுத்தக்கூட இல்லை. நோய் பார்த்துக் கொடுத்த புழுவா, எந்த மையத்துப் புழு என்று எதுவும் தெரியாமல் அவர் வாங்கிப் போட்டுவிட்டார். இப்போது அந்தப் புழு எப்படி இருக்கிறதோ தெரியவில்லை. இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷம் அந்தச் சனியனை நிறுத்து.

வெண்மதி

*

பெங்களூரு
8 செப்டம்பர் 2025

அண்ணிக்கு,

நிறுத்திவிட்டேன். புதிதாகச் செய்தி அனுப்புவதை அன்றைக்கே நிறுத்தினேன். வருகிற கேள்விக்குப் பதில் சொல்வது தனியாக ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கவனிக்கவில்லை. சத்தியமாகக் கவனிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்வதுதான் உங்கள் தொழில் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும் அண்ணி. முதல் கொட்டகை போடும்போது லீவு போட்டு வந்து தகரம் ஏற்றியவன் நான். போர்டில் பெயர் எழுதும்போது என்னையும் சேர்க்கலாமா என்று அண்ணன் கேட்டார், நீங்கள் வேண்டாம் என்றீர்கள். கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறேன் என்றேன், வேண்டாம். பட்டுக்கூட்டு விலையைத் தினமும் எல்லோருக்கும் அனுப்ப ஏற்பாடு செய்கிறேன் என்றேன், அதுவும் வேண்டாம். நான் படித்த படிப்பில் இருந்து ஒரு துரும்பைக்கூட நீங்கள் உள்ளே விட்டதில்லை. நீங்கள் படுத்திருந்தபோதுதான் முதல் தடவையாக ஏதாவது செய்ய எனக்கு இடம் கிடைத்தது. செய்தேன். அது இப்படி ஆகும் என்று தெரிந்தா செய்தேன்?

போகம் போனவர்களுக்கெல்லாம் நான் நஷ்டம் கொடுக்கிறேன். அந்தக் குள்ளம்மாள் அக்காவின் புழு எப்படி இருக்கிறது என்று மட்டும் தெரிவியுங்கள்.

அருள்

*

இண்டூர்
17 செப்டம்பர் 2025

அருள்குமாருக்கு,

கேட்டாய் அல்லவா, தெரிவிக்கிறேன்.

பால் புழு நோய். கடைசித் தீனி ஆரம்பிக்கிற நேரத்தில் புழு மஞ்சளாக ஊதி, தட்டு ஓரத்துக்கு ஏறி, தோல் வெடித்துப் பால் மாதிரி வடியும். ஒன்றுக்கு வந்தால் கொட்டகைக்கே வந்த மாதிரி. பாரதி என்னை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனபோது குள்ளம்மாள் அக்கா குழி வெட்டி முடித்திருந்தார். தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து கொட்டினார். மேலே சுண்ணாம்பு போட்டார். நானும் மண் தள்ளினேன். அந்த நாற்றம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. நான் கையெழுத்துப் போடுகிற இந்தப் பேப்பரிலும் இருக்கும், மோந்து பார்.

அழக்கூட இல்லை அவர். என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னார். "நீங்க சொன்னீங்கன்னு தானுங்க வாங்கினேன்." நான் சொல்லவில்லை என்று அட்டையில் எழுதிக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. பாரதி வாசித்துச் சொன்னாள். அக்கா அந்த அட்டையையும் என் கழுத்துத் தழும்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நம்பவில்லை. பாரதி எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்.

இது போதும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் சேலத்தில் இருந்து கனிமொழி வந்தாள். காலேஜில் வேலை தேடுகிற பிள்ளைகள் எல்லோரும் பேர் பதிந்து வைத்திருக்கும் அந்த வலைத்தளத்தில் அம்மா, சித்தப்பா ஏதோ போட்டிருக்கிறாரே என்று காட்டினாள். ஜூலை மாசமே போட்டிருக்கிறாய். நான் புழுத்தட்டோடு நிற்கிற படம். "குரலை இழந்த ஒரு கிராமத்துப் பெண், ஒரு வாடிக்கையாளரைக்கூட இழக்கவில்லை." தொண்ணூறு சதவீதம் பேர் பதில் சொன்னார்களாம். கீழே உன்னைப் போலவே கோட்டுப் போட்டவர்கள் வரிசையாக வந்து கைதட்டியிருக்கிறார்கள். அண்ணிக்காகச் செய்தேன், மையத்துக்காகச் செய்தேன், எனக்கு இடம் கொடுக்கவில்லை என்று உருகி உருகி எழுதினாயே. இந்தப் படத்தைப் பற்றி ஒரு வரி எழுதக் கை வலித்துவிட்டதா?

என் தொண்டையை அறுத்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை. டாக்டர் முதலிலேயே சொல்லித்தான் அறுத்தார். நீ என்னிடம் கேட்காமல் என் பேச்சை எடுத்து, அதை விற்பனைக்கு மாதிரியாகக் கடைவாசலில் தொங்கவிட்டிருக்கிறாய்.

உன் பணம் எவருக்கும் வேண்டாம். அவர்கள் ஏமாந்தது என் வார்த்தையை நம்பி. வார்த்தையைத்தான் சரிசெய்ய வேண்டும். நீ வா. ஒவ்வொரு வீட்டுக்கும் உன் காலால் நடந்து போ. வாசலில் நின்று, "அது எங்க அண்ணி பேசினது இல்ல, நான் செஞ்சது" என்று உன் வாயால் சொல். போன் எடுக்காமல் போ. எல்லா வீடும் முடியாமல் என் வாசலுக்கு வராதே.

வெண்மதி

*

பென்னாகரம்
9 அக்டோபர் 2025

அண்ணிக்கு,

அந்தப் படத்தை வலைத்தளத்தில் இருந்து எடுத்துவிட்டேன். பெருமையாக இருந்தது, போட்டேன். உங்கள் பெருமையா என் பெருமையா என்று அப்போது யோசிக்கவில்லை.

லீவு போட்டுவிட்டு வந்து இங்கே ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறேன். அநேகமாக எல்லா வீட்டுக்கும் போய்விட்டேன். நீங்கள் நினைக்கிற மாதிரி அது சுலபமாக இல்லை அண்ணி. திட்டுவார்கள் என்று தயாராகப் போனேன். யாரும் திட்டவில்லை, நம்பவும் இல்லை. சென்றாயன் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார். "தம்பி, எங்கள என்ன ஏமாளின்னு நெனச்சீங்களா? அந்தம்மா கொரலு எனக்குத் தெரியாதா? ஏதோ கணக்குத் தப்பிப் பேசிட்டாங்க, போவுது. அதுக்குப் போயி கொழுந்தன அனுப்பி மிசினு மேல பழி போட்டா நல்லாவா இருக்குது?" பாரதி குறுக்கே பேசினாள். அவளை அடக்கிவிட்டார். முக்கால்வாசி வீட்டில் இதே கதைதான். நீங்கள் சொன்னதை இல்லை என்று சொல்ல என்னை அனுப்பியிருப்பதாக நினைக்கிறார்கள்.

சின்னம்மாள் வீட்டில் ஒரு தப்பு செய்துவிட்டேன். போன் எடுக்காதே என்று சொன்னீர்கள். எடுத்தேன். அவர் நம்பவே மாட்டேன் என்கிறாரே என்று, அவர் கண் முன்னாலேயே அந்தக் குரலைப் பேசவைத்தேன். "அது நான் பேசினது இல்லைங்க சின்னம்மா" என்று உங்கள் குரலில் சொல்லவைத்தேன். அவர் போனை வாங்கி, "நல்லாருக்கறீங்களா? கழுத்து வலியெல்லாம் போச்சா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாருங்க, இப்பவும் அவங்க தான பேசறாங்க." அதன்பிறகு நான் போனை வெளியே எடுக்கவில்லை.

குள்ளம்மாள் அக்கா வீட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். பயம்தான். கொட்டகை வாசலில் நின்று செருப்பைக் கழற்றினேன். புழு வளர்க்கிற கொட்டகைக்குள் யாரும் செருப்போடு போக மாட்டார்கள், சுண்ணாம்பு மிதித்துத்தான் போக வேண்டும் என்று உங்களிடம் அப்போதே திட்டு வாங்கிப் பழகியது. அவர் உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தார். "செருப்போடயே வாங்க" என்றார். நான் தயங்கினேன். "உள்ள என்னா இருக்குது, காப்பாத்தறதுக்கு? செருப்போடயே வாங்க."

போனேன் அண்ணி. செருப்போடு அந்தக் கொட்டகை நடுவில் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் பெருக்குவதை நிறுத்தவில்லை. கடைசியில், "அது யாரு பேசினா எனக்கென்னாங்க, நான் நம்பினது வெண்மதிய" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு என் மேலேயே அவ்வளவு கோபம் வந்தது. அது முடிந்ததும் உங்கள் மேலும் வந்தது. இவர்கள் எல்லோரும் உங்களை இப்படி நம்பி வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் ஒரு நாள்கூட எங்களுக்குச் சொன்னதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பழைய குரல் அப்படியே திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அண்ணன் சொன்னார். ஆட்களின் நம்பர், மெசேஜ் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். குரலை மட்டும் இன்னும் அழிக்கவில்லை. அதை அழித்துவிட்டால் உங்கள் குரல் வேறு எங்கேயும் முழுசாக இருக்காது. நீங்கள் எழுதுவதை அது பேசும்படி மட்டும் வைத்துக்கொள்ளலாம், தானாக ஒன்றும் சொல்லாது. கனிமொழிக்காகவாவது யோசியுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வரலாமா?

அருள்

*

இண்டூர்
30 அக்டோபர் 2025

அருள்குமாருக்கு,

என் குரலை வைத்தே அது என் குரல் இல்லை என்று சொல்லவைத்தாயாமே. உன் அண்ணன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். நான் பார்த்த பார்வையில் வெளியே போய்விட்டார். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

தீபாவளி கழித்து எனக்குக் குரல் வந்தது. குரல் என்று சொல்லலாமோ என்னவோ. தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. இவ்வளவுதான் இனிமேல் என்று டாக்டர் சொன்னார். அதற்கும் சந்தோஷப்பட்டு, முதல் வேலையாகப் பீரோவைத் திறந்து போனை எடுத்து குள்ளம்மாள் அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, நான் வெண்மதி பேசறேன்" என்றேன். அவர் சொன்னார். "யாருங்க நீங்க? வெண்மதி கொரலு எனக்குத் தெரியாதா? இனிமே அந்தப் பேர வெச்சி எவனும் எனக்குப் போன் பண்ணாதீங்க." வைத்துவிட்டார்.

அன்றைக்கு நான் உன்னைத் திட்டிய திட்டை எழுத்தில் எழுத முடியாது. பெருமாள் கோயிலில் நின்றும் திட்டினேன். நீ செய்த குரல் பேசினால் நான். நான் பேசினால் யாரோ திருடன். உயிரோடு இருக்கும்போதே என் இடத்தில் இன்னொருத்தியை உட்காரவைத்துவிட்டாய்.

மறுநாள் மொபெட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். ஓட்டக் கூடாது என்று உன் அண்ணன் சாவியை ஒளித்து வைத்திருந்தார், எனக்குத் தெரியாத இடமா. மழை தூறிக்கொண்டிருந்தது. குள்ளம்மாள் அக்கா தோட்டத்தில் நின்றிருந்தார். கையில் கத்தி. விட்ட போகத்தைப் பிடிக்க வேண்டும் என்று வெட்டுவதற்கு வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வரப்பில் ஏறி நின்றேன். ஈரத்தில் என் காலெல்லாம் சேறு. கடைசியில் செடியைப் பார்த்தபடியே அவர்தான் கேட்டார், பழக்கத்தில் கேட்ட மாதிரி. "வெட்டட்டுங்களா?"

நான் செடியைக் கிட்டே போய்ப் பார்த்தேன். தளிர் எல்லாம் வெளுத்திருந்தது. "வேண்டாங்க்கா" என்றேன். அந்தத் தகரக் குரலில்தான். "செடி எளச்சிருக்குது. எரு போடுங்க. மழ நிக்கட்டும்."

"காசு வேணுமே" என்றார்.

"தெரியுதுங்க்கா. இருந்தாலும் வேண்டாம். கொட்டாயில இன்னும் நோய் இருக்குது."

அவர் கத்தியைக் கீழே போட்டார். சண்டைக்கு வரப்போகிறார் என்றுதான் நினைத்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் பேச்சில் அத்தனை கோபம். "இத்தினி நாளா எங்கடி போன? அது கேட்டதுக்கெல்லாம் சரிங்க, சரிங்கன்னு சொல்லுச்சு. ஒரு வாட்டி கூட வேண்டாம்னு சொல்லல. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

பதினைந்து வருஷத்தில் என்னை அவர் 'டி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. கொட்டகைக்குக் கூட்டிப்போனார். வாசலில் செருப்பைக் கழற்றினேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுண்ணாம்பைக் குழைத்து எடுத்துவந்து என் கையில் ஒரு மட்டை கொடுத்தார். சாயங்காலம் வரை இரண்டு பேரும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கார்த்திகை கடைசியில் வெட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் புழு நான் கொடுப்பேன், என் கையால் கொண்டுபோய்.

மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போகிறேன். சென்றாயன் இன்னும் முழுசாக நம்பவில்லை, முறைக்கிறார். முறைக்கட்டும். எப்படியும் அவர் ஒரு தப்பான வாரத்தில் வெட்டட்டுங்களா என்று கேட்பார். அப்போது அவருக்கும் தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில். அந்தக் குரலை அழி. கனிமொழியைக் கேட்டேன். அவள் அழுதாள், ஆனாலும் அவளும் அதையே சொன்னாள். அழகாகத்தான் இருந்தது அந்தக் குரல். எனக்கே அவ்வளவு அழகாகப் பேசத் தெரியாது. ஆனால் குள்ளம்மாளின் புழுவைக் குழியில் தள்ளியதும் அதே குரல்தான். அது என் வீட்டில் இருக்க வேண்டாம். உன் கம்ப்யூட்டரிலும் வேண்டாம்.

பொங்கலுக்கு வரலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். உன்னைப் பார்த்தால் இன்னும் எனக்குக் கை ஓங்குகிற கோபம்தான் வரும், பண்டிகை நாளில் அது எதற்கு. மாசி மாசம் கேள். கடிதத்தில் கேள். அப்போதும் யோசித்துத்தான் சொல்வேன்.

வெண்மதி